பொறியின் செவிக்கு ஒரு மொழி

எழுத்துகளின் பிறப்பைத் தொல்காப்பியங் கொண்டு கற்பித்து வருபவன் நான். பொறியின் செவிக்கு இசைந்த ஒலிகளை மட்டுந் தெரிந்து ஒரு மொழியையே யாத்தனர் என்னுஞ் செய்தி எனக்கு முதலில் நகைப்பையே தந்தது. நுணுகி நோக்கியபின் நகைப்பு அடங்கிற்று.

‘றோய்லா’ என்பது அதன் பெயர். ஒல்லாந்து நாட்டின் ஐந்தோவன் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில், 2010ஆம் ஆண்டை ஒட்டி, ஓமார் முபீன் என்பாரும் அவரோடு ஆய்ந்தோரும் மனிதர் றோபோவோடு பேசுதற்கென்றே அதனை ஆக்கினர். பெருமொழிகள் பலவற்றிற்கும் பொதுவான ஒலிகள் பதினாறே அதில் உண்டு. உயிர் ஐந்து, மெய் பதினொன்று. சொற்களைப் புலவர் எவரும் படைத்திலர். எவ்வொலி எவ்வொலியோடு மயங்கும் எனக் கணக்கிட்டு, மயங்குஞ் சொற்களைக் கழித்துக் கழித்துக் கணினியே ஈன்றவை அவை. குறுஞ்சொல் நம் வாய்க்கு எளிது. பொறியின் செவிக்கோ அரிது. ஆதலின் ‘நான்’ என்பதற்கு ‘பிட்டோ’ என்றும், ‘நீ’ என்பதற்கு ‘பாமா’ என்றும் ஈரசைச் சொற்கள் அமைந்தன. (யாரோ ஒரு பெண்ணை அழைப்பதாக நம்மவர் மயங்கக்கூடும், பொறி மயங்காது.) வினைச்சொல் திரிவதில்லை, இறந்தகாலங் காட்ட ‘ஜிஃபி’ என்னுந் தனிச்சொல் பின்னே நிற்கும். விதிவிலக்கு என்பதே இல்லை. பாடசாலை மாணவர் இதனைக் கற்றுப் பொம்மை றோபோக்களை ஏவியபோது, பொறி ஆங்கிலத்தைக் காட்டிலும் இதனையே நன்கு உணர்ந்தது.

ல, ள, ழ என நாவை வளைத்துப் பழகிய நமக்கு இஃது இழப்பாகத் தோன்றலாம். எனினும் அவர்தம் முயற்சியில் நேர்மை உண்டு: பொறிக்காக மனிதன் வளைகிறான் என்பதை அவர்கள் மறைத்திலர்.

பின்னர்ப் பொறியே வளரலாயிற்று. ‘ஓப்பன் ஏஐ’ நிறுவனம் 2022இல் வெளியிட்ட ‘விஸ்பர்’ 680,000 மணிநேரப் பேச்சொலியிற் பயின்றது. அவற்றுட் பெரும்பகுதி ஆங்கிலம். ஏனைய 96 மொழிகளின் பேச்சை அவ்வம்மொழியிலேயே எழுதப் பயிற்றுதற்கு வாய்த்தவை 117,000 மணிகளே. செவி திறந்ததென்னவோ உண்மை. எல்லார்க்கும் ஒப்பத் திறந்திலது.

என் மாணவனொருவன் தன் கைப்பேசியிடம், “என்னோடை கொஞ்சம் கதை” என்றான். அஃது ஒரு நரிக்கதையைச் சொல்லத் தொடங்கிற்று. வகுப்புச் சிரித்தது. அவனோ தயங்காது ஆங்கிலத்துக்கு மாறி, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசினான். எவரும் திட்டமிட்டு ஆக்காத றோய்லா ஒன்று அவன் வாயிற் பிறந்ததை அன்று கேட்டேன்.

யாழ்ப்பாணத்தும் மட்டக்களப்பினும் மலையகத்தும் வழங்கும் பேச்சை ஒலிப்பதிவு செய்து, உள்ளவாறே எழுதிச் சேர்த்து வைத்தல் பாடசாலைகளால் இயலாத பணியன்று. வருகின்ற விடுமுறையில் முதற் பதிவுக்கு அம்மாணவனை அழைத்துள்ளேன். தன் அப்பாச்சியையுங் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறான்.