பீடத்துப் படி யாருக்கு?

டிஸ்கி: இது பிரசங்கம் இல்லை. கோவில் பக்கமே போகாதவங்களும் தைரியமா படிக்கலாம் :-)

கத்தோலிக்கக் கோவில்ல பூசை நடக்கும்போது சாமியார் பக்கத்துல அங்கி மாட்டிக்கிட்டு நிக்கிற பொடியன்களைப் பார்த்திருப்பீங்க. பீடச்சிறுவர்கள்னு பேரு. சினிமாவுல சர்ச் காட்சி வந்தா ரெண்டு பேர் மெழுகுவர்த்தியோட நிப்பாங்க, அதோட சரி. ஆனா அந்தப் பீடத்துப் படியில யார் ஏறலாம், யார் ஏறக்கூடாதுங்கிற கேள்வி நூற்றாண்டுக் கணக்கா ஓடிக்கிட்டிருக்கு. எங்க பங்குல இன்னும் முடியலை. அதான் இந்தப் பதிவு.

நானும் ஏழு வருஷம் அங்கி போட்டவன்தான். விடியக்காலை பூசைக்கு முன்னாடி மெழுகுவர்த்தி ஏத்தணும், தூபக்காலுக்குக் கரி மூட்டணும், திராட்சை ரசமும் தண்ணியும் எடுத்துக் குடுக்கணும், சரியான நேரத்துல மணி அடிக்கணும். மணிக்குத்தான் எங்களுக்குள்ள அடிதடியே நடக்கும்.

அந்த மணிக்கு ஒரு காரணம் இருக்கு. அந்தக் காலத்துல சாமியார் ஜனங்களுக்கு முதுகு காட்டிக்கிட்டு, லத்தீன்ல, அதுவும் மெல்லிய குரல்ல ஜெபிப்பார். பின்னாடி இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் கேக்காது. இப்ப அப்பத்தைத் தூக்கிக் காட்டப் போறார், கவனிங்கன்னு சொல்றதுக்குத்தான் மணி. லத்தீன்ல பதில் சொல்றதும் பெரும்பாலும் பையன்தான். எங்க அப்பா ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாம அத்தனையும் மனப்பாடமா சொல்வார். அதாவது கோவில்ல இருக்கிற மொத்த சனத்துக்கும் பதிலா அந்தப் பையன் பேசினான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962-65) அப்புறம் பூசை தமிழுக்கு வந்து, பதில் சொல்ற வேலை ஜனங்ககிட்டயே திரும்பிருச்சு.

இன்னும் பின்னாடி போனா, ஆரம்பத்துல இது சின்னப் பசங்க வேலையே இல்லை. கி.பி. 251-இல் பாப்பரசர் கொர்னேலியுஸ் எழுதின கடிதத்துல ரோமாபுரித் திருச்சபைக் கணக்கு ஒண்ணு வருது. 46 குருக்கள், 7 திருத்தொண்டர்கள், 42 'அக்கோலித்து'கள். அக்கோலித்துன்னா கிரேக்கத்துல பின்தொடர்றவர்னு அர்த்தம். பிற்பாடு அது குருவாகப் போறவங்க ஏறுற படிகள்ல ஒண்ணா ஆச்சு. ஊருக்கு ஊர் அப்படி ஆள் கிடைக்குமா? கிடைக்காத இடத்துல பசங்க வந்து நின்னாங்க.

பீடச்சிறுவர்களோட பாதுகாவலர் புனித தர்சீசியுஸ் கதையும் இதேதான். நற்கருணையைக் காப்பாத்த உயிரை விட்டவர். நாலாம் நூற்றாண்டுல பாப்பரசர் தமாசுஸ் அவரைப் பத்தி எழுதினப்ப, திருத்தொண்டரான ஸ்தேவானோட ஒப்பிட்டார். அதனால இவரும் வளர்ந்த ஆளா இருந்திருக்கலாம்னு சொல்றவங்க உண்டு. பையனா நம்ம மனசுல பதிஞ்சதுக்கு 1854-இல் கர்தினால் வைஸ்மேன் எழுதின 'ஃபபியோலா' நாவலுக்குப் பெரிய பங்கு இருக்கு. பாவம், அவர் திருநாள் ஆகஸ்ட் 15. மாதா விண்ணேற்புத் திருநாளும் அன்னிக்கே வர்றதால அவரை யாரும் கண்டுக்கறதில்லை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க அக்கா மகளுக்குப் பதினோரு வயசு. பூசைக்கு உதவி பண்றேன்னு போய்க் கேட்டா. 'அது பசங்க வேலைம்மா'ன்னு பங்குப் பேரவையில பெரியவர் ஒருத்தர் சொல்லிட்டார். அதே பீடத்தைச் சனிக்கிழமை தோறும் பெருக்கித் துடைக்கிறது யாரு? எங்க அக்கா. பூ வைக்கிறது யாரு? அன்பியத்துப் பெண்கள். துடைப்பத்தோட ஏறலாம், பூச்சாடியோட ஏறலாம், பூசை நேரத்துல மட்டும் ஏறக்கூடாதுன்னா அது என்ன நியாயம்?

சட்டம் அப்படின்னு சொல்வாங்க. 1917 திருச்சபைச் சட்டம் அப்படித்தான் சொல்லுச்சு, ஒத்துக்கறேன். ஆம்பளை யாரும் இல்லாட்டி ஒரு பெண் தூரத்துல இருந்து பதில் சொல்லலாம், பீடத்துக்கிட்ட வரக்கூடாது. 1980-லயும் ரோமாபுரி கூடாதுன்னு சொல்லுச்சு. ஆனா 1994-இல் அந்தந்த ஆயரே முடிவு பண்ணிக்கலாம்னு கதவு திறந்தாச்சு. 2021 ஜனவரியில பாப்பரசர் பிரான்சிஸ் சட்டத்தையே மாத்தி, வாசகர், பீடத்துணைவர் பணிகளை முறைப்படி பெண்களுக்கும் குடுக்கலாம்னு சொல்லிட்டார். பல பங்குகள்ல பொண்ணுங்க நிக்கிறாங்க, வானம் ஒண்ணும் இடிஞ்சு விழலை.

'இது குருமடத்துக்கு நாற்றங்கால், பொண்ணுங்க வந்தா பசங்க ஓடிருவாங்க'ன்னு ஒரு வாதம் இருக்கு. இதை ஒரேயடியா தள்ளிற மாட்டேன். பையன்கள் உதவுற மரபைக் காப்பாத்தணும்னு அந்த 1994 கடிதமே சொல்லுது. ஆனா எங்க செட்டுல பன்னிரண்டு பேர். ஒருத்தன் குருமடம் போனான், ரெண்டு வருஷத்துல வீடு திரும்பிட்டான். மத்தவங்களுக்குப் பீடம் ஒண்ணுமே குடுக்கலையா? நேரத்துக்கு எந்திரிக்க, நானூறு பேர் முன்னாடி கை நடுங்காம நிக்க, அமைதியா இருக்கக் கத்துக்குடுத்துச்சு. இது பொண்ணுக்கு வேண்டாமா?

இன்னொண்ணு. இதைச் சொன்னா சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. எங்க ஊர்ல நான் இருந்த ஏழு வருஷத்துல கீழத்தெருப் பையன் ஒருத்தன்கூட அங்கி போட்டு நான் பார்த்ததில்லை. கூடாதுன்னு யாரும் வாயால சொன்னதில்லை. கூப்பிடலை, அவ்வளவுதான். தங்கள் பிள்ளைகளைப் பீடத்துல ஏத்தறதில்லைங்கிறது தலித் கிறிஸ்தவர்கள் பல ஊர்கள்ல இருந்து வருஷக்கணக்கா சொல்லிட்டு வர்ற புகார். எல்லாத் தரப்புப் பிள்ளைகளையும் பீடப்பணிக்குச் சேர்க்கணும்னு பன்னிரண்டாம் பத்திநாதர் 1947-லயே எழுதிட்டார். சாதி பார்க்கிறது கூடாதுன்னு 2003-இல் தமிழக ஆயர்கள்கிட்ட இரண்டாம் ஜான் பால் நேரடியாவே சொன்னார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்காகத் தனிக் கொள்கையே வெளியிட்டுச்சு. காகிதத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில அங்கி அலமாரியைத் திறக்கிற கையிலதான் சிக்கல்.

பொண்ணுக்கு 'இது மரபு', கீழத்தெருப் பையனுக்கு மௌனம். ரெண்டும் ஒரே பூட்டுதான். மொத்த சனத்துக்கும் பதிலா நின்ன ஆள் பீடச்சிறுவன்னா, அந்தச் சனத்துல எல்லாரும் அடக்கம்தானே?

பெருசா ஒண்ணும் கேக்கலை. முதல் நன்மை வாங்கின எல்லாப் பிள்ளைங்க பேரையும் தெரு வாரியா எழுதி, முறை வச்சு, பட்டியலைக் கோவில் வாசல்ல ஒட்டுங்க. அங்கி மாத்துற அறையில பெத்தவங்க ரெண்டு பேர் எப்பவும் இருக்கட்டும், பிள்ளைங்க பாதுகாப்புல விளையாட்டு வேண்டாம். புதுசா அங்கி தைக்கப் பணம் இல்லைன்னா சொல்லுங்க, நாங்க பழைய ஆட்கள் சேர்ந்து தர்றோம்.

உங்க ஊர்ல எப்படி? பொண்ணுங்க நிக்கிறாங்களா, எல்லாத் தெருப் பிள்ளைங்களும் வர்றாங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறவங்களும் வரலாம், பேரைப் போட்டுத் திட்டுங்க. அனானியா வேண்டாம் :-)