பாலவாக்கத்தில் எதற்கய்யா வாத்துத் தூவிப் போர்வை?

நண்பர்களே, என் பழைய மாணவர்களே, கொஞ்சம் நீளமான பதிவு இது. காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

"டீச்சர், நல்ல டவுன் கம்ஃபர்ட்டர் எது? எப்படிப் பார்த்து வாங்குவது?" என்று இந்த மாதத்தில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருத்தி எங்கள் தெருவிலேயே இருக்கிறவள். இன்னொருவர் அடையாறு. மூன்றாவது ஆள் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன், இப்போது டொரண்டோவில் இருக்கிறான். டொரண்டோக்காரனுக்குப் பதில் கடைசியில் சொல்கிறேன். மற்ற இரண்டு பேருக்கும் என் பதில் ஒரே வார்த்தைதான்: வேண்டாம்.

வேண்டாம் என்று மட்டும் சொன்னால் விடமாட்டீர்கள், தெரியும். காரணம் சொல்கிறேன்.

முதலில் அது என்ன சாமான் என்று தெரிந்துகொள்ளுங்கள். டவுன் என்றால் இறகு இல்லை. வாத்துக்கும் பெருவாத்துக்கும் மேலிறகுக்கு அடியில், நெஞ்சுப் பக்கம், தண்டே இல்லாமல் பஞ்சு மாதிரி ஒரு மெல்லிய ரோமம் இருக்கும். தமிழில் அதற்குத் தூவி என்று அழகான பெயர் உண்டு. (தூளி இல்லை. அது குழந்தைக்குக் கட்டுவது.) இந்தத் தூவி விரிந்து காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிபட்ட காற்று உடம்புச் சூட்டை வெளியே விடாது. அதனால்தான் எடை இல்லாமல் கதகதப்பு. பனிக்கட்டித் தண்ணீரில் நீந்துகிற பறவைக்கு இயற்கை கொடுத்த சட்டை அது. நல்ல பொருள்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை, அதை ஈசிஆர் ஓரத்தில் கொண்டுவந்து விரிப்பதைப் பற்றி.

சென்னையில் ஜனவரி மாதத்து விடியற்காலையில்கூட வெப்பமானி சாதாரணமாக 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. இந்த ஊரில் பதிவான மிகப் பெரிய குளிரே 13.9 டிகிரிதான், அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தைய கணக்கு. மார்கழியில் கோலம் போட வாசலுக்கு வருகிற பெண்கள் ஒரு பருத்தித் துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு உறைபனியில் வாழ்கிற பறவையின் சட்டை எதற்கு?

பதில் எல்லாருக்கும் தெரியும். ஏசி. ரிமோட்டில் 18 வைக்கிறோம். நடுராத்திரி பல் கிடுகிடுக்கிறது. ரிமோட்டை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினால் போதும், ஆனால் நாம் கடைக்குப் போகிறோம். குளிரைக் காசு கொடுத்து வாங்குகிறோம். அந்தக் குளிர் அண்டாமல் இருக்க இன்னொரு காசு கொடுத்துப் போர்வை வாங்குகிறோம். எங்கள் தெருப் பெண் பார்த்து வைத்திருக்கும் கம்ஃபர்ட்டரின் விலை 18,000 ரூபாய். ஏசியில் 18, போர்வையில் 18 ஆயிரம். பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது!

2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கிற வீட்டு ஏசி எல்லாம் தொடக்கத்தில் 24 டிகிரியில்தான் ஓட வேண்டும் என்று விதி வந்தது. அதாவது வாங்கி மாட்டும்போது அது 24-இல்தான் இருந்திருக்கும். அதை 18-க்கு இறக்கியது நம் விரல். ஏசியில் நட்சத்திரம் ஒட்டுகிற பி.இ.இ. அமைப்பு, ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது. ஆறு டிகிரிக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், கணக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நம் ஊர் ஈபி பில்லில் இன்னொரு சூட்சுமம் உண்டு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழே 101 முதல் 200 வரைக்கும் இருக்கிற விலையும் சேர்ந்து ஏறிவிடும். போர்வையின் உண்மையான விலை கடைச் சீட்டில் இல்லை, ஈபி அட்டையில் இருக்கிறது.

காசு உங்களுடையது, நான் யார் கேட்க? சரி. ஆனால் சூடு உங்களுடையது மட்டும் இல்லையே. ஏசி குளிரை உண்டாக்குகிற இயந்திரம் இல்லை. உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிற இயந்திரம். கொட்டுகிற இடம் எது? எங்கள் பக்கத்து அடுக்குமாடியில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஆறடிச் சந்து. வரிசையாக அவுட்டோர் யூனிட். அந்தச் சந்தின் வாயில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார் காவலாளி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மே மாதத்தில் அந்த இடத்தைத் தாண்டிப் போனால் அடுப்புக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருக்கும். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு அட்டையால் விசிறிக்கொண்டிருக்கிறார். நேர் மேலே மூன்றாவது மாடியில் ஒரு குடும்பம் கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்குகிறது. கடற்கரைப் பக்கம் குப்பத்தில் தகரமும் ஓடும் போட்ட வீடுகளில் அதே ராத்திரி மின்விசிறிக் காற்றில் பிள்ளைகள் புரண்டுகொண்டிருக்கின்றன. அவர்களுக்கு நாம் அனுப்புகிற அன்பளிப்பு இந்தச் சூடு. இதை நினைத்தால் எனக்குப் போர்வை விஷயம் சின்ன விஷயமாகப் படவில்லை.

அடுத்தது, நீங்கள் வாங்குவது தூவிதானா? போன தீபாவளிக்கு உறவுக்காரர் ஒருவர் இணையத்தில் வாங்கிய ஒன்றைப் பெருமையாகக் கொண்டுவந்து காட்டினார். விளம்பரத்தில் வெள்ளை வாத்துப் படம். உள்ளே தைத்திருந்த சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். நூறு சதவீதம் பாலியெஸ்டர். 'டவுன் ஆல்டர்நேட்டிவ்' என்றால் தூவி இல்லை என்று அர்த்தம். 'மைக்ரோஃபைபர்' என்றாலும் பாலியெஸ்டர்தான். 200 ஜிஎஸ்எம், 300 ஜிஎஸ்எம் என்று போட்டிருப்பது ஒரு சதுர மீட்டரில் எத்தனை கிராம் என்கிற எடைக் கணக்கு, தரக் கணக்கு அல்ல. பொய் என்று எதையும் சொல்ல முடியாது, எல்லாம் சீட்டில் இருக்கிறது. படிக்கிறவர் இல்லை. பாலியெஸ்டர் உறை நம் ஊர் வியர்வையை உறிஞ்சாது. கரண்ட் போன பத்தாவது நிமிஷம் தெரியும்.

உண்மையான தூவியே வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஈரம் அதற்கு எமன். நனைந்தால் தூவி ஒட்டிக்கொண்டு கட்டிபிடிக்கும், காற்றைப் பிடிக்கிற குணமே போய்விடும். நம் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். அப்பளம் டப்பாவுக்குள்ளேயே நமத்துப்போகிற ஊர். ஐப்பசி, கார்த்திகையில் பள்ளிச் சீருடையைக் காயவைக்கத் தெரியாமல் மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டியவர்கள் நாம். அவ்வளவு பெரிய தூவிப் போர்வையைத் துவைக்க நம் வீட்டு மெஷின் பத்தாது. உலர்த்தப் பெரிய டிரையர் வேண்டும், அதிலும் மணிக்கணக்காக ஓட்ட வேண்டும். துவைக்காமலே வைத்திருந்தால் பூஞ்சை வாடை. இழுப்பு இருக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வாடை எங்கே கொண்டு விடும் என்று தாய்மாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மயிலாப்பூர்ப் பக்கத்து என் சிநேகிதி ஒருத்திக்கு ஒரு வார்த்தை. முட்டை போடாத கேக்குக்காகக் கடை கடையாக ஏறுகிறவள் நீ. தூவி பெரும்பாலும் கறிக்காக வளர்க்கிற வாத்திலிருந்து வருகிறது. சில இடங்களில் உயிரோடு பிடுங்கியதும் உண்டு. அதைத் தடுக்கத்தான் 2014-இல் ஆர்டிஎஸ் என்று ஒரு சான்று முறையே வந்தது. பட்டுப்புடவை மட்டும் என்ன என்று நீ திருப்பிக் கேட்பாய். கேள், நியாயம்தான். ஆனால் இன்னொன்றைச் சேர்ப்பதற்கு அது காரணமாகாது.

நம் முன்னோர் தூவி மெத்தையே அறியாதவர்கள் என்றும் நினைக்காதீர்கள். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலில் அன்னத்தின் தூவி அடைத்த அணை வருகிறது. ஆனால் அந்தப் பாட்டு முழுக்க மழையும் வாடைக்காற்றும். அந்தக் குளிரில் விசிறியைச் சுருக்கி மாட்டிவைத்து, அதில் சிலந்தி நூல் கட்டித் தொங்குகிறது. சாளரக் கதவைச் சாத்திவிட்டு நெருப்புச் சட்டியில் குளிர் காய்கிறார்கள். குளிர் வந்ததும் விசிறியை மாட்டிவைத்த ஜனம் அது. ஒரு கையால் வீசிக்கொண்டே இன்னொரு கையால் தூவியைப் போர்த்திக்கொள்ளவில்லை.

"மேலே ஒரு பாரம் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்று எங்கள் தெருப் பெண் சொல்கிறாள். அம்மா, நல்ல தூவிப் போர்வையின் பெருமையே பாரம் இல்லாததுதான். பாரம்தான் வேண்டுமென்றால் பவானி ஜமக்காளத்தை மடித்துப் போட்டுக்கொள், விலையும் சல்லிசு.

"பெரியவர்களுக்குக் குளிருமே" என்கிறார் அடையாறுக்காரர். அதனால்தான் சொல்கிறேன். வயதானவர்கள் ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்திருக்கிறோம். 18 டிகிரி அறையில் புசுபுசுவென்ற போர்வை காலில் சுற்றிக்கொள்ள, இருட்டில் கட்டிலை விட்டு இறங்குவது இடுப்பெலும்புக்கு வைக்கிற வேட்டு. ஏசியை 26-இல் வைத்து, மின்விசிறியை மெதுவாக ஓட்டி, ஒரு பருத்திப் போர்வை. அவ்வளவுதான் தேவை. மார்கழி, தையில் ஏசியே வேண்டாம். ஜன்னலைத் திறங்கள். கடல் பக்கத்தில் வீடு என்று சொல்லித்தானே சதுர அடிக்கு அவ்வளவு கொடுத்தீர்கள்?

எந்தப் போர்வை என்று கேட்பீர்கள். ஈரோட்டுப் பக்கம் சென்னிமலை. அங்கே கைத்தறியில் நெய்கிற போர்வை 1935-இல் தொடங்கிய நம் கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் கிடைக்கும். கனமான நூல், வியர்வையை உறிஞ்சும், வாளியில் நனைத்துத் துவைக்கலாம், அரை நாள் வெயிலில் மொறுமொறுவென்று காயும். முதல் தடவை தனியாகத் துவையுங்கள், அடர்ந்த நிறமென்றால் கொஞ்சம் சாயம் விடும். 18,000 ரூபாய்க்கு வீட்டில் எல்லாருக்கும், வருகிற விருந்தாளிக்கும், அந்தக் காவலாளிக்கும் வாங்கி மீதி இருக்கும். தலையணை, மெத்தைக்குள் அடைக்க மெத்தென்று ஏதாவது வேண்டுமென்றால் இலவம்பஞ்சு இருக்கிறது. போடி பக்கத்தில் விளைவது. நார் நாராக உள்ளே வெறும் காற்று, மேலே மெழுகுப் பூச்சு. ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் உயிர்காக்கும் சட்டைக்குள் அடைத்ததே இதைத்தான். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு பஞ்சு அடிக்க வருகிறவர் எங்கள் தெருவுக்கு வந்து வருஷக்கணக்காகிறது.

இப்போது டொரண்டோக்காரனுக்கு. தம்பி, நீ வாங்கலாம், உன் ஊருக்கு அது உரியது. ஆனால் வெளியே மைனஸ் 20 என்று பயந்து வாங்காதே. நீ தூங்குவது ரோட்டில் இல்லை. படுக்கையறையில் ஹீட்டர் எத்தனையில் இருக்கிறது என்று பார். 20 இருந்தால் நடுத்தர கனம் போதும். (மற்றவர்களும் கவனியுங்கள்: பாலவாக்கத்தில் 18 வைக்கிறவர், டொரண்டோ படுக்கையறையைவிடக் குளிராக வைத்திருக்கிறார்.) ஃபில் பவர் என்று 600, 800 எண் போட்டிருப்பான். ஒரு அவுன்ஸ் தூவி விரிந்து எத்தனை கன அங்குலம் அடைக்கிறது என்பது அது. 600 போதும், 800 என்றால் உயர்ந்த ரகம். அந்த எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதே, உள்ளே மொத்தம் எத்தனை அவுன்ஸ் போட்டிருக்கிறான் என்பதையும் பார். இரண்டும் சேர்ந்ததுதான் கதகதப்பு. சீட்டில் 'ஃபெதர்' முதலில் வந்தால் இறகுதான் அதிகம், தண்டு குத்தும். மேலும் கீழும் ஒட்டித் தைத்ததை விட்டுவிட்டு, உள்ளே துணிச் சுவர் வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்ததை எடு, தையல் வழியே குளிர் இறங்காது. ஆர்டிஎஸ் முத்திரை இருக்கிறதா பார். மேலே துவைக்கக்கூடிய உறை ஒன்று போட்டுவிடு. பிரிட்டன் கடையில் வாங்கினால் டாக் என்று ஒரு கணக்கு இருக்கும். 4.5 கோடைக்கு, 13.5 கடுங்குளிருக்கு.

பொங்கலுக்கு வருகிறேன் என்றாயே, அதை இங்கே தூக்கிக்கொண்டு வராதே. திரும்பிப் போகும்போது பெட்டியில் இரண்டு சென்னிமலைப் போர்வைக்கு இடம் விட்டு வா. உங்கள் ஊர் ஜூலைக்கு அது போதும், வாங்கி வைக்கிறேன்.