பிழையறிக்கை யாருக்குரியது?

கணனியிலோ கைத்தொலைபேசியிலோ இயங்கும் செய்நிரலொன்று இடைநடுவில் முறிந்துவிடின், அதுபற்றிய அறிக்கை இணையத்தின் வழியே அதனை ஆக்கியோரைச் சென்றடைவது இன்று வழமையாகிவிட்டது. இதற்குப் பயனாளரின் இசைவு எதற்கு என வினவுவோரும் மென்பொருட்டுறையில் உளர். பழுது திருத்தப்படுவது பயனாளருக்கே நன்மை. அறிக்கையில் அவரது பெயர் இல்லை. காட்டினாலும் அவருக்கு விளங்கப்போவதில்லை என்பன அவர்கள் முன்வைக்கும் நியாயங்களாம். இம்மூன்றும் ஆராயப்படவேண்டியவை.

முதலாவது நியாயத்தில் உண்மை உண்டு. தன் மென்பொருள்களில் நேரும் தவறுகளுள் அரைப்பங்கு, 1 வீதமான வழுக்களாலேயே விளைகின்றது என மைக்ரோசொப்ட் நிறுவனம் 2002இல் தெரிவித்தது. பயனாளர் அனுப்பிய அறிக்கைகளே அவ்வறிவை அளித்தன. எனினும் எந்த வழு எத்தனை முறை நேர்ந்தது என்ற கணக்கிலிருந்தே அது பிறந்தது. பயனாளரின் கணனியில் இருந்த அனைத்தையும் அள்ளிச் சென்றதால் அன்று. முதலில் வழுவின் அடையாளத்தை மாத்திரம் பெற்று, தேவை எழுமிடத்தே மேலதிகத் தரவைக் கேட்கும் படிமுறையை அந்நிறுவனத்தின் ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட கட்டுரை விளக்குகின்றது. ஆகவே, பழுது திருத்த எல்லாமே வேண்டும் என்பது தொழில்நுட்பத்தின் கட்டாயமன்று, சோம்பலின் சாட்டு.

இரண்டாவது நியாயம் மேலும் வலுவற்றது. செய்நிரல் முறியும் கணத்தில் அதன் நினைவகத்தில் இருந்தவற்றின் படியொன்று அறிக்கையுடன் செல்லக்கூடும். எழுதி முடியாத கடிதமும் அப்போதுதான் தட்டிய கடவுச்சொல்லும் அதனுள் இருத்தல் கூடும். பெயர் இல்லாமையால் மட்டும் ஒருவரின் அந்தரங்கம் காக்கப்படுவதில்லை. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகவரகம், விண்டோஸ் கணனிகள் அனுப்பும் பிழையறிக்கைகளை இடைவழியில் கவர்ந்து, இலக்குவைத்த கணனிகளின் பலவீனங்களை அறியப் பயன்படுத்தியதை ஜேர்மனியின் டெர் ஸ்பீகல் சஞ்சிகை 2013 டிசெம்பரில் வெளிக்கொணர்ந்தது. நோயறியச் சென்ற தூதனே பகைவனுக்கு ஒற்றனானான்.

அறிக்கை சென்றடையும் இடமும் நிலையானதன்று. செய்நிரலை ஆக்கியோர் பலர் அதனைப் பெறும் பொறுப்பை வேறொரு சேவையிடம் ஒப்படைக்கின்றனர். அத்தகைய சேவையான கிராஷ்லிற்றிக்ஸ் 2013இல் டுவிற்றர் நிறுவனத்தின் வசமாகி, 2017இல் கூகிளின் கைக்கு மாறியது. அதனை இணைத்திருந்த செய்நிரல்களைப் பயன்படுத்தியோருள் எத்துணைப் பேர் இக்கைமாற்றங்களை அறிந்திருப்பர்?

மூன்றாவது நியாயம் பயனாளரை இழிவுபடுத்துவது. சத்திரசிகிச்சையின் நுட்பம் நோயாளிக்கு விளங்காது என்பதற்காக அவரது இசைவின்றிக் கத்தியை எடுக்கும் உரிமை வைத்தியருக்கு வந்துவிடுவதில்லை. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, அறிக்கையை அனுப்பலாமா வேண்டாமா எனக் கேட்டது. அதில் அடங்கியவற்றைக் காணவும் வழிவிட்டது. அதே நிறுவனம் 2015இல் விண்டோஸ் 10ஐ வெளியிட்டபோது, கணனியின் நிலை குறித்த அடிப்படைத் தகவல் செல்வதை வீட்டுப் பயனாளர் முற்றாக நிறுத்த இயலாதிருந்தது. பதினான்கு ஆண்டுகளில் பயனாளரின் அறிவு குறைந்துவிடவில்லை. கேட்கவேண்டும் என்ற மரியாதையே குறைந்தது.

பிழையறிக்கையே வேண்டாம் என்பது இங்கு வாதமன்று. பழுதை அறியாதவர் திருத்தவும் இயலாது. ஆனால் அனுப்புமுன் கேட்டல், அனுப்புவதைக் காட்டல், தேவையானதை மட்டும் பெறல், வழியிற் பிறர் படியாவண்ணம் மறைகுறியாக்கல், பெறுபவர் யாரெனக் கூறல் ஆகிய ஐந்தும் சலுகைகள் அல்ல, கடமைகள். மறுக்க வழியற்றவரின் மௌனத்தைச் சம்மதமெனக் கொள்ளும் மென்பொருள், தன் பிழையைத் திருத்தும் பெயரால் அதனினும் பெரிய பிழையைச் செய்கின்றது. நாளை மென்பொருள் ஆக்கவிருக்கும் இன்றைய மாணவர், செய்நிரல் எழுதும் முறையோடு இவ்வறத்தையும் சேர்த்துக் கற்றல் வேண்டும். பிழை ஆக்கியோருடையது, அறிக்கையோ பயனாளருக்குரியது.