பள்ளிச் சுற்றறிக்கை யாருக்காக?

மழையும் பள்ளியும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் தொடங்குவது மும்பை வழக்கம். ஜூன் பாதியில் குடை, ரெயின்கோட், நோட்டுப் புத்தகம், ஷூ என்று செலவு ஒரு பக்கம் இழுத்துக் கொண்டிருக்க, பள்ளியிலிருந்து முதல் சுற்றறிக்கை வந்து சேரும். முதல் பருவத்தில் யூனிட் டெஸ்ட் எப்போது, பெற்றோர் கூட்டம் எந்தச் சனிக்கிழமை, கணபதிக்கு எத்தனை நாள் விடுமுறை, தீபாவளிக்கு எத்தனை நாள், விளையாட்டு விழா எங்கே, ஆண்டு விழாவுக்கு என்ன உடுப்பு, பத்தாம் வகுப்புப் பாரத்தை எந்தத் தேதிக்குள் நிரப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். முன்பு சைக்ளோஸ்டைல் தாளில் வந்தது, இன்று வாட்ஸ்அப்பில் வருகிறது. ஆனால் அன்றும் இன்றும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. சில பள்ளிகளில் மராத்தியில் வரும். தாராவியில் படிக்கும் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளின் தாய்மாருக்கு இவ்விரண்டையும் எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க வராது. இது பள்ளிக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

இதைப்பற்றி நம் தமிழ்ச் சங்கங்கள் ஏன் பேசுவதில்லை என்பதுதான் என் வருத்தம். பட்டிமன்றத்துக்குத் தலைப்பு தேடுகிறோம். தமிழ் இனி வாழுமா என்று மேடையில் கேட்டுக் கைதட்டு வாங்குகிறோம். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் தாய் பள்ளிக் காகிதத்தைக் கையில் வைத்துக் கொண்டு யாரிடம் கேட்பது என்று தெருமுனையில் நிற்கிறாள். அது நமக்குத் தலைப்பாகத் தோன்றவில்லை.

இந்த ஊரில் நம் முன்னோர் பள்ளி நடத்தத் தெரியாதவர்கள் அல்லர். மாதுங்காவில் 1932ஆம் ஆண்டிலேயே எம்.வி. வெங்கடேஸ்வரன் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். நாம் எஸ்.ஐ.இ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வது அதைத்தான். பிழைக்க வந்த இடத்தில் வீட்டுக்கு முன்பே பள்ளிக்கூடத்தை நினைத்த தலைமுறை அது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாதுங்காவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஆபீசுகளில் குமாஸ்தாக்களாகவும் ஸ்டெனோக்களாகவும் சேர்ந்தவர்கள். ஆங்கிலச் சுற்றறிக்கை அவர்கள் வீட்டில் ஒரு சிக்கலே இல்லை. அப்பா மாலையில் படித்துவிட்டுக் கையெழுத்திட்டு விடுவார். செம்பூரில் இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். தாராவியின் கதை வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள், அவர்களைத் தொடர்ந்து வந்த உறவினர்கள், இட்லி வியாபாரமும் முறுக்கு வியாபாரமும் செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். அவர்களில் பலர் தமிழ் மட்டும் படித்தவர்கள். அதுவும் பலருக்கு ஐந்தாம் வகுப்போடு நின்று போயிற்று.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. இந்தியாவில் வேறெந்த நகராட்சி இப்படிச் செய்கிறது என்று சட்டென்று சொல்ல என்னால் முடியவில்லை. அந்தத் தமிழ்ப் பள்ளிகளில் தாய் நேரே போய் ஆசிரியையிடம் தமிழில் பேசலாம். "டீச்சர், எம்புள்ள எப்படிப் படிக்கான்?" என்று கேட்டுப் பதில் வாங்கலாம். ஆனால் நம் மக்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். 90 அடி சாலையில் காமராஜர் பெயரில் உள்ள உயர்நிலைப் பள்ளியே ஆங்கிலப் பள்ளிதான். இதில் குறை காண எனக்கு விருப்பமில்லை. வேலைக்கு எது உதவும் என்று கணக்குப் போட அவர்களுக்குத் தெரியும். ஆனால் பிள்ளை ஆங்கிலத்துக்குப் போன அன்றே, தாய்க்கும் பள்ளிக்கும் இடையே இருந்த பேச்சு நின்று விடுகிறது. அதற்கு மாற்றாக யாரும் எதையும் வைக்கவில்லை.

நான் செம்பூரில் இருக்கிறேன். என் தங்கை குடும்பம் தாராவியில். ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் காலைக் காபி முடிவதற்குள் இரண்டு மூன்று பேர் கைப்பேசியோடு வந்து விடுவார்கள். "அண்ணாச்சி, இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க." பார்த்துச் சொல்வேன். பெரும்பாலும் சாதாரணச் செய்திதான்: அறிவியல் கண்காட்சி, வெள்ளைச் சட்டை, ஐம்பது ரூபாய். சில நேரம் அப்படி இல்லை. போன ஆண்டு ஒரு பெண் கொண்டுவந்த அறிவிப்பில், பத்தாம் வகுப்பு மாணவர்களின் பெயர், பிறந்த தேதி, தாய் பெயர் அடங்கிய பட்டியலைப் பெற்றோர் வந்து சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று இருந்தது. கடைசித் தேதி முந்தைய வெள்ளிக்கிழமை. பையன்தான் கையெழுத்துப் போட்டிருந்தான், அப்பாவின் பெயரில்! எந்தப் பள்ளி என்பது இங்கே தேவையில்லை. எந்தப் பள்ளியிலும் நடக்கக் கூடியதே.

பெயர் சரிபார்ப்பது என்ன பெரிய காரியம் என்று கேட்கலாம். மகாராஷ்டிரத்தில் தமிழனுக்கு அது பெரிய காரியம்தான். இங்கே எஸ்.எஸ்.சி. சான்றிதழில் குடும்பப் பெயர் முதலில், பிறகு பிள்ளையின் பெயர், பிறகு தந்தை பெயர் வரும். தாய் பெயர் தனியாக. நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. முருகன் மகன் செல்வம் என்றால் மு. செல்வம், அவ்வளவுதான். பள்ளியில் சேர்க்கும் நாளில் கிளார்க் "சர்நேம் என்ன?" என்று கேட்க, ஒருவர் தந்தை பெயரைச் சொல்வார், ஒருவர் சாதிப் பெயரைச் சொல்வார், ஒருவர் ஊர்ப் பெயரைச் சொல்வார். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு சர்நேம், தங்கைக்கு ஒரு சர்நேம். ஆதாரில் ஒன்று, ரேஷன் அட்டையில் இன்னொன்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகி வருவதற்கு முன் பள்ளிப் பதிவேட்டில் இதைச் சரி செய்வது எளிது. வந்த பிறகு அலைச்சல்தான். கல்லூரி, பாஸ்போர்ட், வளைகுடா வேலை எல்லாவற்றுக்கும் அந்தத் தாள்தான் மூலம். அந்த ஒரு நாளைத்தான் அந்தத் தாய் தவறவிட்டாள். தவறவிட்டாள் என்று சொல்வதே நியாயமில்லை. அவளுக்கு யாரும் சொல்லவே இல்லை.

பள்ளிக் காகிதத்தின் மதிப்பு தாராவித் தமிழருக்குத் தெரியாததல்ல. வெளிமாநிலத்திலிருந்து வந்த பட்டியல் சாதியினர் மகாராஷ்டிரத்தில் அந்தச் சலுகையைப் பெற, குடும்பம் 10-8-1950க்கு முன்பே இங்கு குடியிருந்ததைக் காட்ட வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கு அந்தத் தேதி 13-10-1967. இதற்குச் சான்றாக எதைக் காட்டுவது? வாடகைச் சீட்டு மழையில் போயிற்று, குடிசை தீயில் போயிற்று. தாத்தா நான்காம் வகுப்பு வரை படித்த மாநகராட்சிப் பள்ளியின் பதிவேட்டில் ஒரு வரி இருந்தால் அது பேரனைக் காப்பாற்றுகிறது. எழுபது ஆண்டுக்கு முன் எழுதிய வரி! இன்று நம் பிள்ளைகளைப் பற்றி எழுதப்படும் வரிகளும் அப்படித்தான் பின்னால் தேவைப்படும். 2024இல் தாராவியில் மறுசீரமைப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியபோது எந்தக் காகிதம் எங்கே என்று ஒவ்வொரு வீட்டிலும் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குடும்பங்கள் இடம் மாறினால் பிள்ளைகளும் பள்ளி மாறுவார்கள். அப்போது எல்.சி.யில் எழுதியிருப்பதுதான் அடுத்த பள்ளியிலும் எழுதப்படும்.

இன்னொன்று பயணம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியாது என்பார்கள் நெல்லைக்காரர்கள். அவர்கள் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் பங்குனி உத்திரம் வருவது மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரல் தொடக்கத்தில். இங்கே பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச்சில் நடக்கும். 2025இல் பிப்ரவரி 21ஆம் தேதியே தொடங்கி விட்டது. மற்ற வகுப்புகளுக்கு ஆண்டுத் தேர்வு ஏப்ரலில். தமிழ்நாட்டுப் பள்ளி அட்டவணையை நினைத்துக் கொண்டு அங்குள்ள உறவினர் கல்யாணம் வைக்கிறார்கள். இங்குள்ளவர் ரயில் டிக்கெட்டை ஒட்டி விடுமுறையைத் தீர்மானிக்கிறார். முன்பு 120 நாள் முன்னதாக டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. 2024 நவம்பர் முதல் 60 நாள் என்று ஆகிவிட்டது. அறுபது நாள் என்றால் பள்ளித் தேதி கையில் இருக்கும்போதே டிக்கெட் எடுக்கலாம் என்று பொருள். தேதியைப் படிக்கத் தெரிந்தால்! பத்தாம் வகுப்பில் 75 சதவீத வருகை வேண்டும் என்பதும், நூறில் இருபது மதிப்பெண் பள்ளியிலேயே வாய்மொழித் தேர்வு, செய்முறை என்று போடப்படுகிறது என்பதும் ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாள் தாமதமாகத் திரும்பும் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளி தமிழிலும் எழுத வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டா? உண்டு என்பது என் கருத்து. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசு, மாநகராட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தனியார் பள்ளிகளில் கட்டணம் பற்றிய 2011ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டம் பெற்றோர்-ஆசிரியர் கழகத்தைக் கட்டாயமாக்குகிறது. நம்மவர் எத்தனை பேர் இவற்றில் உட்கார்ந்திருக்கிறோம்? கூட்டம் என்றால் "சம்பளம் போயிரும்" என்பார் கணவர், "எனக்குப் பேச வராது" என்பாள் மனைவி. இரண்டும் உண்மை. அதனால்தான் கூட்டத்தைப் பகல் பதினோரு மணிக்கு வைக்காமல் ஞாயிறு காலை வையுங்கள் என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டால் சில தலைமையாசிரியர்கள் ஒப்புக் கொள்வார்கள். மராத்திக்காரத் தலைமையாசிரியர்கள் பலர் இதில் நம்மைவிடப் பரிவாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஒருவர் என்னிடம் சொன்னார்: "தமிழில் எழுதித் தர ஆள் கொடுங்கள், நான் அனுப்புகிறேன்."

மராத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம். நம் பிள்ளைகள் அதை நன்றாகவே பேசுகிறார்கள், படிக்கிறார்கள். நான் தமிழில் சுற்றறிக்கை கேட்பது மராத்திக்கு எதிராக அல்ல. பிள்ளைக்குத் தெரிந்த மொழி தாய்க்குத் தெரியவில்லை என்பதற்காகத்தான். பிள்ளையே படித்துச் சொல்லலாமே என்பவர்கள் பதினான்கு வயதுப் பையனைப் பற்றி அறியாதவர்கள். அவன் "பிக்னிக்" என்பதைச் சொல்வான். "வருகை குறைவு" என்பதைச் சொல்லவே மாட்டான்!

பள்ளியைச் சொல்லி விட்டு நம்மை விட்டுவிடுவது முறையல்ல. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நம் தெருக்களில் ஒலிபெருக்கி எத்தனை நாள் கட்டப்படுகிறது? கோயில் விழா, மன்ற ஆண்டு விழா, தலைவர் பிறந்த நாள். இரவு பத்து மணிக்கு மேல் கூடாது என்று 2000ஆம் ஆண்டிலிருந்து விதி இருக்கிறது. பத்து வரை சத்தம் போடலாம் என்று அதற்குப் பொருள் கொள்கிறோம். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில், அந்தச் சத்தத்தில், கணக்குப் பாடத்தை எப்படிப் படிப்பது? பொங்கலைக் குறைக்கச் சொல்லவில்லை. 90 அடி சாலையில் பெண்கள் வரிசையாகப் பானை வைப்பது எனக்கும் பெருமைதான். தேர்வு நாட்களில் மட்டும் குழாய் ஒலிபெருக்கியைக் கழற்றி வையுங்கள். விழாக் குழுவினர் பள்ளித் தேர்வு அட்டவணையைப் பார்த்துத் தேதி குறிக்கட்டும்.

இதழாசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், ஜூன் இதழிலும் தீபாவளிக்குப் பின் வரும் இதழிலும், ஒரு பக்கம் ஒதுக்கித் தாருங்கள். தாராவி, சயான், மாதுங்கா, வடாலா, செம்பூர்ப் பள்ளிகளின் தேதிகளைத் தமிழில் வெளியிடலாம்: பள்ளி திறப்பு, பெற்றோர் கூட்டம், பத்தாம் வகுப்புப் பாரம், பெயர் சரிபார்ப்பு, தேர்வு, பதினோராம் வகுப்புக்கான இணையவழிச் சேர்க்கை. இந்த இணையச் சேர்க்கையில் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்துவது தனிக் கலை. அதற்கு ஒரு முழுக் கட்டுரையே வேண்டும். அந்தப் பக்கத்தைப் பிய்த்துச் சுவரில் ஒட்டும்படி அச்சிட வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

மொழிபெயர்க்க ஆள் கிடைக்குமா என்று கேட்பீர்கள். மாதுங்காவிலும் செம்பூரிலும் ஓய்வு பெற்ற ஆசிரியைகளும் வங்கி அதிகாரிகளும் எத்தனை பேர்! ஒரு சுற்றறிக்கை ஒரு பக்கம்கூட இருக்காது. அரை மணி நேர வேலை. நான் இரண்டு பள்ளிகளுக்கு எழுதித் தருகிறேன். தாராவியில் என் தங்கை வீட்டு வாசல் ஞாயிறு காலை ஒன்பது முதல் பதினொன்று வரை திறந்திருக்கும். பாரம் நிரப்ப வருபவர்கள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் மறக்காமல் எடுத்து வரட்டும். பேனா நான் வைத்திருக்கிறேன்.