குளிரில் பொய் சொல்லும் மீட்டர்

பாறசாலையில் டிசம்பர் இரவிலும் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நெய்யாற்றின்கரை வட்டாரத்துக்காரர்களுக்குக் குளிர் என்பது மூணாறுக்குப் போய் அனுபவித்துவிட்டு வரும் சமாச்சாரம். அப்படி மின்சாரக் காரில் போனவர், ஜனவரி இரவு வண்டியை வெளியே நிறுத்திவிட்டுக் காலையில் மீட்டரைப் பார்த்தால் திடுக்கிடலாம். ஓடாத வண்டியில் சார்ஜ் குறைந்திருக்கும். பேட்டரி போச்சு என்று தலையில் கை வைக்க வேண்டியதில்லை.

பெட்ரோல் டாங்கில் மிதவை இருக்கிறது. அளவைக் கண்ணால் பார்த்த மாதிரி சொல்லிவிடும். லித்தியம் பேட்டரியில் அந்த வசதி இல்லை. மின்னழுத்தம், வெளியே போன மின்னோட்டம், வெப்பநிலை மூன்றையும் வைத்து ஒரு மின்னணு சர்க்யூட் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அந்தச் சதவிகிதம். குளிரில் பேட்டரிக்குள் லித்தியம் அயனிகளின் நடமாட்டம் மந்தமாகிறது, உள் மின்தடை கூடுகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மின்னழுத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இறங்கும். உடனே சர்க்யூட் 'இவ்வளவுதான்' என்று முன்கூட்டியே கையை விரித்துவிடும். மிச்சச் சரக்கு உள்ளேதான் இருக்கிறது. வெயில் ஏறினால் திரும்பக் கிடைக்கும். டெஸ்லா கார்கள் இந்தப் பகுதியைத் திரையில் நீல நிறத்தில் பிரித்தே காட்டுகின்றன.

நார்வே மோட்டார் வாகனச் சங்கம் 2020-ல் குளிர்காலத்தில் கார்களை ஓட்டிப் பார்த்தபோது, நிறுவனங்கள் சொன்ன தூரத்தில் சராசரியாக 18.5 சதவிகிதம் குறைந்தது. காருக்குள் ஓடும் ஹீட்டருக்கும் அதில் பங்குண்டு. ஆட்டோவுக்கு அந்தச் செலவு இல்லை. நெய்யாற்றின்கரை ஆறாலுமூட்டில் உள்ள அரசு நிறுவனமான கேரளா ஆட்டோமொபைல்ஸ் 2019-ல் 'நீம் ஜி' மின்சார ஆட்டோவை அறிமுகப்படுத்தியது. 2020-ல் முதல் தவணையாக 25 வண்டிகள் நேபாளத்துக்குப் போயின. புழுக்கத்தில் பிறந்த பேட்டரிகள் இமயமலை நாட்டுக்கு!

எல்லைக் கிராமங்களில் ஆட்டோ ஓட்டுபவர் பயப்பட வேண்டியது வெயிலுக்குத்தான். குளிர் மீட்டரைத்தான் குறைக்கிறது. வெயில் பேட்டரியையே தின்கிறது, மீட்டரோ வாய் திறப்பதில்லை. முழு சார்ஜில் வெட்டவெளியில் தினமும் காயும் பேட்டரியின் கொள்ளளவு மெல்லக் கரைந்தாலும், சார்ஜ் ஏற்றினால் 100 என்றே காட்டும். அது மிச்சமிருக்கும் கொள்ளளவில் 100. களியக்காவிளை பக்கம் பழைய வண்டி விலை பேசுகிறவர் அந்த எண்ணை நம்பிப் பணத்தை எண்ணக் கூடாது. முழு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று ஒருநாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். மலையில் பனிக்காலையில் அல்ல, ஊரில், சாதாரண நாளில்.

மலைக்குப் போகிறவர்கள் போய்ச் சேர்ந்ததுமே, பேட்டரி சூடாக இருக்கும்போதே சார்ஜ் ஏற்றிவிடுவது நல்லது. பூஜ்ய டிகிரிக்குக் கீழே விறைத்துக் கிடக்கும் பேட்டரிக்கு வேகமாக மின்சாரம் ஏற்றினால், உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். அந்த நஷ்டம் வெயில் வந்தாலும் திரும்பாது.