துணைக்கு ஒரு கெளுத்தி!

அம்மா போன பிறகு சோழபுரம் வீட்டில் அப்பா தனியாள். மதுரைக்கு வந்துடுங்க என்றால், "அங்கே வந்து யார்கிட்டே பேச?" என்பார். (என்னை ஒரு ஆளாகவே சேர்ப்பதில்லை!) பேச்சுத் துணை இல்லாவிட்டாலும் பார்வைத் துணையாவது இருக்கட்டும் என்று ராஜபாளையத்தில் இரண்டடி மீன்தொட்டி ஒன்று வாங்கிக் கொண்டுபோய் வைத்தேன்.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? ரகத்துக்கு ஒன்று என்று 'சாம்பிள்' கணக்கில் மீன்களை அள்ளினேன். அதில் மீசை வைத்த குட்டிக் கெளுத்தி ஒன்று. பெயர் கோரிடோரஸ், பூர்வீகம் தென் அமெரிக்கா. "ஒண்ணு போதும் சார், அடியிலே கிடக்கிற அழுக்கைத் தின்னுக்கிடும்" என்றார் கடைக்காரர். சம்பளமில்லாத துப்புரவு ஆள் கிடைத்த குஷி எனக்கு.

பத்தாம் நாள் அப்பா போன். "ஏலே, அந்த மீசைக்காரன் பில்டருக்குப் பின்னாடியே பதுங்கிக் கிடக்கான். சாப்பிடவும் வரமாட்டேங்கான். அவனுக்கு யாரும் இல்லையோ?"

சுருக்கென்றது.

விசாரித்தால், அது கூட்டமாக வாழும் மீன். ஒரே ரகத்தில் ஆறாவது வேண்டுமாம். தனியாக விட்டால் பயந்து ஒளியும், இரை எடுக்காமல் மெலியும். அழுக்கைத் தின்று வயிறு நிறையாது. அடிக்கு முங்கும் தீனி தனியாகப் போடணும். மூக்கைப் புதைத்துத் துழாவுகிற ஆசாமி என்பதால் மெல்லிய மணல்தான் வசதி. நான் போட்டிருந்ததோ ஜல்லி!

இன்னொரு விஷயம். இவை ஒன்றையொன்று உடம்பால் லேசாக இடித்து, 'வா, போகலாம்' என்று சைகை கொடுத்துச் சேர்ந்து நகருமாம். 2019-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்கள். இடிக்கக்கூட ஆளில்லாமல் பத்து நாள் இருந்திருக்கிறது அது.

ஐம்பது லிட்டர் தண்ணீரில் எல்லோருக்கும் இடம் ஏது? மற்ற சாம்பிள்களைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். (பணம்? மூச்!) கெளுத்தியை மட்டும் வலையில் பிடிக்காமல் டம்ளரில் மொள்ளுங்கள். துடுப்பு முள் வலையில் மாட்டும், கையிலும் குத்தும். என் கட்டைவிரல் சாட்சி. சென்னை கொளத்தூரிலிருந்து சரக்கு வந்ததும், ஒரேயடியாகக் கொட்டாமல் ஒரு வாரம் மூன்று, இன்னொரு வாரம் இரண்டு என்று ஐந்தை விட்டேன்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு போன். "ஏலே, ஒண்ணு மாத்தி ஒண்ணு மேலே பாய்ஞ்சு பாய்ஞ்சு வருது. மூச்சு முட்டுதோ?"

அதுகளுக்குக் குடலாலும் சுவாசிக்கத் தெரியும். அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு போகும். ஓயாமல் பாய்ந்தால்தான் தண்ணீரைக் கவனிக்க வேண்டும் என்று விளக்கினேன். அரைமனதாக வைத்தார்.

இப்போது தினமும் ராத்திரி எனக்கு வருகைப் பதிவேடு ஒப்பிக்கிறார். போன வாரம் ஒரு நாள் ஐந்துதான் இருந்ததாம். மனுஷன் ஒன்பது மணி வரை சாப்பிடவில்லை. பிறகு கூப்பிட்டார்.

"பில்டருக்குப் பின்னாடிதான் இருந்தான். ரெண்டு பேர் போய் இடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டானுங்க. சரி, வையி. டார்ச் அடிச்சு இன்னொரு தரம் எண்ணணும்."