கொல்லிமலையின் முதற்பொருள்

கொல்லிமலையைத் தொடாமல் சங்க இலக்கியம் நடத்திவிட முடியாது. கொல்லிப்பாவை வரும், வல்வில் ஓரி வருவான், அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்த மலையமான் திருமுடிக்காரி வருவான். பிற்காலத்துக்கு இறங்கினால் அறப்பளீசுர சதகம் இருக்கிறது. இத்தனையும் படித்துத் தேறிய முதுகலை மாணவரிடம், அந்த மலையின் உச்சி மண்ணை வெட்டி மேட்டூருக்குக் கொண்டுபோய் அலுமினியம் எடுத்தார்கள் என்று சொன்னால் நம்பாமல் பார்க்கிறார். அவர்மீது குறையில்லை. நம் பாடத்தில் கொல்லி ஓர் அழகிய பெயர். அதற்குக் கல்லும் மண்ணும் உண்டென்று நாம் சொல்லிக் கொடுத்ததில்லை.

அந்த மண்ணின் பெயர் பாக்சைட். தென்பிரான்சில் லே போ என்ற ஊரருகே 1821-ல் பியர் பெர்த்தியே அதை இனங்கண்டதால் வந்த பெயர். சேர்வராயன் மலையின் அடிப்பாறை சார்னோக்கைட். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது, அதனால்தான் இந்தப் பாறைக்கு அவர் பெயர். நம் மலைகளின் உடம்பே ஒரு கம்பெனிக்காரரின் பெயரைச் சுமப்பது தனிக்கதை.) இத்தகைய பாறையின்மேல் வெயிலும் பெருமழையும் மாறிமாறிப் பல லட்சம் ஆண்டுகள் விழ வேண்டும். சோடியமும் கால்சியமும் முதலில் கரைந்தோடும். பிறகு சிலிக்காவும் மெல்ல மெல்ல வெளியேறும். கரைய மறுக்கும் இரும்பும் அலுமினியமும் நீரோடு பிணைந்து எஞ்சி நிற்கும். மழைநீர் தேங்காமல் கீழிறங்கிப் போகும் சமமான மலைத்தலையில்தான் இது நன்றாக நடக்கும். ஆகவே இங்கெல்லாம் பாக்சைட் மலையின் வயிற்றில் கிடைப்பதில்லை. தலையில்தான் தொப்பிபோல் அமர்ந்திருக்கிறது.

தொல்காப்பியர் முதற்பொருள் என்று சொன்னது நிலத்தையும் பொழுதையும். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் எல்லாம் அதற்குப் பின்வரும் கருப்பொருள்கள். பாக்சைட்டைப் பற்றிப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது இதுதான்: நிலமும் பொழுதும் தவிர அதில் வேறெதுவும் இல்லை. நாமோ திணை என்றாலே உரிப்பொருளுக்குத் தாவிவிடுகிறோம். புணர்தலா இருத்தலா என்று பக்கம்பக்கமாக எழுதுகிறோம். முதற்பொருள் நமக்கு நாடகத் திரைச்சீலை. திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டு போனாலும் நாடகம் நடக்கும் என்பதுபோல் வாசிக்கிறோம்.

வெட்டும் முறை எளியது. புதர்களையும் மேல்மண்ணையும் வழித்து ஒதுக்குவார்கள். துளையிட்டு வெடிவைத்தோ இயந்திரத்தால் கிளறியோ படிப்படியாக இறங்குவார்கள். சுரங்கம் என்ற சொல்லே இதற்குப் பொருந்தாது. வானம் பார்த்த குழி அது. வெட்டியதைத் தூளாக்கி, அழுத்தத்தில் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் கரைப்பது ஆஸ்திரியரான கார்ல் பேயர் 1880-களின் இறுதியில் கண்ட வழி. அலுமினியம் கரைசலுக்குள் போய்விடும். இரும்பு முதலியவை செஞ்சேறாகத் தங்கும். கரைசலை ஆறவைத்துப் படியும் பொருளைச் சுட்டெடுத்தால் உப்புப்போல் வெள்ளைத் தூள், அலுமினா. அதை உருகிய கிரையோலைட்டில் ஏறத்தாழ 960 டிகிரிச் சூட்டில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் உலோகம் அடியில் சேரும். இதை 1886-ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் ஒருவரையொருவர் அறியாமல் கண்டுபிடித்தார்கள். ஒரு டன் அலுமினியத்துக்கு நான்கைந்து டன் பாக்சைட் வேண்டும். மின்சாரம் 13,000 யூனிட்டுக்குக் குறையாது.

மின்சாரம் இவ்வளவு தேவை என்பதால்தான் அணையும் நீர்மின் நிலையமும் இருந்த மேட்டூருக்கு ஆலை வந்தது. மதராஸ் அலுமினியம் கம்பெனி, சுருக்கமாக மால்கோ, 1965-ல் உற்பத்தி தொடங்கியது. ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் மண் வந்தது. 1995-ல் ஸ்டெர்லைட் அதை வாங்கியது. 2008 இறுதியில் உருக்காலை நின்றது. வேலையிழந்த குடும்பங்களின் துயரம் உண்மையானது; அதைச் சொல்லாமல் மலைக்காக மட்டும் அழுவது நேர்மையாகாது. ஆனால் ஆலை நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் வந்து போய்விட்டது, மலையுச்சி திரும்பி வரவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

அலுமினியமே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் ஈயப்போசி என்று தவறான பெயரால் புழங்குவதும் அதுதான். தலைக்கு மேல் போகும் மின்கம்பியும் அதுதான். பழையதை உருக்கி மீண்டும் எடுக்க, புதிதாக எடுக்கும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கு போதும் என்பதை வேண்டுமானால் நினைவூட்டலாம். என் சண்டை ‘தரிசு’ என்ற சொல்லோடு. சத்தெல்லாம் கரைந்துபோன மண் என்பதால் பாக்சைட் உச்சிகள் பலவற்றில் பெருமரம் வளராது. புல்லும் குறும்புதருமே இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது வீண் நிலம். ஆனால் நுண்துளைகள் நிறைந்த அந்தத் தொப்பிதான் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, கீழே ஊற்றுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. ஒடிசாவின் நியமகிரியில் டோங்ரியா கோந்துகள் இதைத்தான் சொன்னார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்புப்படி கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாமென்றன. அவர்களுக்கு மலை தெய்வம், தண்ணீர், எல்லாம் ஒன்று. முதற்பொருளை முதலாக வைத்துப் பேசியவர்கள் அவர்கள்தாம்; தொல்காப்பியம் நம்மிடம் இருக்கிறது.

தொண்டாமுத்தூரில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணமுண்டு. இங்கே மலையடிவாரத்தில் பாக்சைட் இல்லை, செம்மண் இருக்கிறது. வடக்கே தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல்லுக்காகத் தோண்டிய குழிகள் பனைமரம் மூழ்கும் ஆழத்துக்குப் போயின. 180-க்கும் மேற்பட்ட சூளைகளை 2021-ல் மூடினார்கள். அங்கும் முதலில் கேட்ட சொல் ‘வெறும் மண்தானே’ என்பதுதான்.

கொல்லிமலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் தமிழ்த்துறைகள் அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாய கங்கையையும் காட்டித் திரும்புகின்றன. பழைய பாக்சைட் குழி ஒன்றின் விளிம்பில் நிற்பதற்கும் அரைநாள் ஒதுக்கலாம். நிலவியல் துறையிலிருந்து ஓர் ஆசிரியரை உடன் அழைத்துச் சென்றால் இன்னும் நல்லது.